வில்லங்கம் பார்த்த விசுவாசம்

பரங்கிமலைப் படிகளை 1726-ல் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் கட்டிக் கொடுத்தார். அவர் புண்ணியத்தில் இன்றும் இரண்டு கூட்டம் அதில் ஏறுகிறது. ஒன்று வேண்டுதல்காரர்கள், இன்னொன்று விடியற்காலையில் சர்க்கரை வியாதிக்காக நடக்கிறவர்கள். உச்சிக்குப் போனதும் இரு தரப்பும் ஒரே சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகின்றன. எதிரே மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குகிறது. சந்தேகப்பட்டதற்காகவே உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய இயேசுவின் சீடர் தோமாவுக்கு ஒரு மலையையே எழுதிக் கொடுத்திருக்கிற ஊர் நம்முடையது.

நான் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வளர்ந்தவன். ஓய்வுநாள் பள்ளியில் தோமா என்றால் எச்சரிக்கை. அவரைப் போல இருக்காதே என்பதற்கான உதாரணம். யோவான் சுவிசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்தைப் பெரியவனான பிறகு நிதானமாகப் படித்தபோது வேறு மாதிரி தெரிந்தது. கூட இருந்த பத்துப் பேரும் உயிர்த்தெழுந்தவரைப் பார்த்துவிட்டோம் என்கிறார்கள். தோமா மட்டும், ஆணித் தழும்பைப் பார்த்து விரலை வைக்காமல் நம்ப மாட்டேன் என்கிறார். எட்டு நாள் அப்படியே இருக்கிறார். நண்பர்கள் பத்துப் பேரும் ஒரே குரலில் சொல்லும்போது எட்டு நாள் தாக்குப்பிடிப்பது சாதாரண விஷயமில்லை. அந்தப் பத்துப் பேரும் அவரைக் கூட்டத்தை விட்டு விரட்டவும் இல்லை. எட்டு நாள் கழித்து இயேசு வந்து, கேட்ட அத்தாட்சியைக் காட்டுகிறார். தோமா தொட்டார் என்று யோவான் எங்கும் எழுதவில்லை. விலாக்காயத்துக்குள் விரலை நுழைத்துவிட்டது ஓவியர் கரவாஜ்ஜோ.

கேட்டவருக்கு அத்தாட்சி கிடைத்தது. நமக்குக் கிடைத்திருப்பது, அவருக்குக் கிடைத்தது என்ற செய்தி. இந்த வித்தியாசத்தை 1794-ல் தாமஸ் பெயின் 'பகுத்தறிவின் காலம்' நூலில் பிட்டுப் பிட்டு வைத்தார். கடவுள் ஒருவரிடம் பேசியிருந்தால் அது அவருக்கு வெளிப்பாடு. அவர் இரண்டாமவரிடம் சொன்னால், இரண்டாமவர் மூன்றாமவரிடம் சொன்னால், அது கேள்விப்பட்ட சங்கதி. கேள்விப்பட்டதை நம்பியே தீரவேண்டும் என்ற கடமை யாருக்கும் கிடையாது. வாதத்தின் மொத்தமும் இவ்வளவுதான். இருநூறு ஆண்டாக இதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

மலை மேலே உள்ள கோயிலில் ஒரு கற்சிலுவை இருக்கிறது. 1547-ல் போர்த்துக்கீசியர் அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்தது. தோமா தன் கையால் செதுக்கியது என்பது பக்தர்கள் நம்பிக்கை. 1558 முதல் 1704 வரை அவ்வப்போது இரத்தம் வியர்த்தது என்றும் சொல்கிறார்கள். சிலுவையைச் சுற்றியுள்ள எழுத்தோ பாரசீகத்துப் பஹ்லவி. தோமாவின் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். அவர் கி.பி. 52-ல் கேரளக் கரையில் இறங்கினார், 72-ல் இங்கே ஈட்டிக்கு இரையானார் என்பது மரபு. மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாக் நூலான 'தோமாவின் பணிகள்' அவரை கொண்டபோரஸ் என்ற மன்னனிடம் அனுப்புகிறது. அந்த மன்னன் கற்பனை இல்லை என்பதைப் பிற்காலத்தில் கிடைத்த நாணயங்கள் காட்டின. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கில். 2006-ல் போப் பதினாறாம் பெனடிக்ட் ஒரு பொது உரையில், தோமா மேற்கு இந்தியா வரை வந்தார், அங்கிருந்து கிறிஸ்தவம் தெற்கே வந்தது என்கிற பொருளில் பேசிவிட, கேரளத்தில் ஒரே புகைச்சல். பிறகு அச்சில் வந்த உரையில் வாசகம் மாறியிருந்தது. சந்தேகத் தோமாவின் வருகையைப் பற்றி போப்புக்கே சந்தேகம் வந்தால் கூடாதா என்ன!

மலையடிவாரத்தை விட்டால் மவுண்ட்–பூந்தமல்லி சாலை. ராமாபுரம், போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், பூந்தமல்லி. அங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் நசரத்பேட்டை, திருமழிசை, குத்தம்பாக்கம். இந்தப் பாதையைப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் மாறி மாறிப் போய் முடிப்பது என்று கிளம்பினேன். கடவுள் தன்னிடம் பேசினார் என்று சொன்னவர்கள் இவ்வளவு நெருக்கமாக வரிசை கட்டி நிற்கிற சாலை வேறு எனக்குத் தெரியாது.

போரூர் தாண்டினால் தலைக்கு மேலே மெட்ரோ. தூண்களிலும் மதில்களிலும் சுவரொட்டிகள். கல்யாண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, மனை விற்பனை, நடுநடுவே 'சுகமளிக்கும் பெருவிழா'. அப்படி ஒரு சுவரொட்டியின் அடியில், சிவப்பில், 'மாற்கு 16:18' என்று மட்டும் போட்டிருந்தது. வசனத்தை எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, வருகிறவர்களுக்கு மனப்பாடம். விசுவாசிகள் வியாதியஸ்தர் மேல் கை வைத்தால் குணமாகும், பாம்பைப் பிடித்தாலும் விஷம் குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்ற வாக்குறுதி அது. அதற்கு முந்தின வசனத்தில் பிசாசு விரட்டுவதும் புதிய பாஷை பேசுவதும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கூடாரம் போட்டு நடக்கிற சுகமளிக்கும் கூட்டங்களுக்கு இதைவிடப் பெரிய முதல் இல்லை.

இந்த வசனங்களின் சங்கதி விசித்திரமானது. மாற்கு சுவிசேஷத்துக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டு. சினாய் மலை மடத்தில் கிடைத்த சினாயிட்டிகஸ், வத்திக்கான் நூலகத்தில் இருக்கும் வத்திக்கானஸ். இரண்டும் நான்காம் நூற்றாண்டுத் தோல் ஏடுகள். இரண்டிலும் மாற்கு 16:8-ஓடு முடிந்துவிடுகிறது. பெண்கள் கல்லறையிலிருந்து பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். 9 முதல் 20 வரை உள்ள பன்னிரண்டு வசனம் அவற்றில் இல்லை. நம் வீடுகளில் இருக்கிற பழைய தமிழ் பைபிள், 1871-ல் ஹென்றி பவர் தலைமையில் முடிந்த மொழிபெயர்ப்பு. அதற்கு ஆதாரமாக இருந்த கிரேக்கப் பாடத்தில் அந்தப் பன்னிரண்டும் இருந்தன, ஆகவே தமிழிலும் இருக்கின்றன. இக்காலத்து மொழிபெயர்ப்புகள் பலவும் அவற்றை அடைப்புக்குறிக்குள் போட்டு அடிக்குறிப்புத் தருகின்றன. இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே லியோன் நகரத்து ஆயர் இரனேயு அந்தப் பன்னிரண்டில் ஒன்றை மாற்குவின் வார்த்தை என்று எடுத்தாள்கிறார். அதாவது நேற்று யாரோ சொருகியதும் அல்ல. மாற்கு எழுதியதா என்றால், இல்லை என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் முடிவு, பக்தியுள்ள ஆய்வாளர்கள் உட்பட.

ஆக்ஸ்போர்டில் பி. எச். ஸ்ட்ரீட்டர் என்று ஒரு பாதிரியார் இருந்தார். நான்கு சுவிசேஷங்களும் எந்தெந்த மூலத்திலிருந்து எப்படி உருவாயின என்று அறுத்துப் பார்த்து 1924-ல் அவர் எழுதிய நூல் அந்தத் துறையில் ஒரு மைல்கல். அதே ஸ்ட்ரீட்டர் 1921-ல் ஒரு தமிழரோடு சேர்ந்து எழுதிய புத்தகம் 'சாது'. அந்தத் தமிழர், பாளையங்கோட்டையில் பிறந்து பிற்பாடு கோயம்புத்தூர் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி. புத்தகம் சாது சுந்தர் சிங்கைப் பற்றியது. பஞ்சாபில் சீக்கியராகப் பிறந்து, 1904 டிசம்பரில் ஒரு விடியற்காலை கிறிஸ்துவைத் தன் அறையில் கண்டதாகச் சொல்லி, காவி உடுத்துத் திருநெல்வேலி, இலங்கை வரை வந்து கூட்டம் கூட்டமாக ஜனங்களை உட்காரவைத்தவர். பின்னாளில் ஐரோப்பாவில் அவருடைய தரிசனங்களும் அற்புதங்களும் நிஜமா புளுகா என்று பெரிய சண்டையே நடந்தது. ஏட்டைச் சந்தேகப்பட்டே பேர் வாங்கிய ஸ்ட்ரீட்டர், தரிசனம் கண்ட மனிதரோடு உட்கார்ந்து பொறுமையாகக் கேள்வி கேட்டார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பாசாமி இன்னும் ஒரு படி போனார். நம் தத்துவ மரபின் பிரமாணங்களை எடுத்துக்கொண்டு சுருதி, யுக்தி, அனுபவம் என்று வரிசைப்படுத்தி, கூடவே சபையையும் ஒரு பிரமாணமாகச் சேர்த்தார். தனி ஒருவனின் அனுபவத்தை மற்ற மூன்றும் பிடித்து இழுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இழுக்கிற கயிறுகளில் யுக்திக்கு எவ்வளவு பலம் கொடுத்தார் என்பதில் எனக்கும் அவருக்கும் ஒத்துவராது. ஆனாலும் கயிறு வேண்டும் என்று நினைத்தாரே.

பூந்தமல்லியில் இறங்கி வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். இது திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். காஞ்சிபுரத்து வரதருக்கு ஆலவட்டம் வீசுவது அவர் கைங்கரியம். விசிறும்போது பெருமாள் அவரோடு பேசுவார் என்று வைணவ குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. பேசுவார் என்றால் கனவில் அல்ல, நேருக்கு நேர். வைசியரான நம்பியிடம் பிராமணரான ராமானுஜர் சிஷ்யனாகச் சேர ஆசைப்பட்டதும், வீட்டு அம்மாள் அதைக் கெடுத்ததும் தனிக் கதை. நமக்கு வேண்டியது ஆறு வார்த்தைக் கதை. ராமானுஜருக்குச் சில சந்தேகங்கள். நம்பியிடம், என் மனசில் சில கேள்விகள் இருக்கின்றன, பெருமாளிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்கிறார். கேள்விகள் என்னவென்று சொல்லவில்லை. நம்பி போய்க் கேட்கிறார். பெருமாள் ஆறு பதில் சொல்லி அனுப்புகிறார். பரம்பொருள் யார், ஜீவனும் ஈசனும் வேறா, மோட்சத்துக்கு வழி எது, கடைசி நேரத்தில் பெருமாளை நினைத்தே ஆக வேண்டுமா, மோட்சம் எப்போது, யாரைக் குருவாகக் கொள்வது. ஆறாவது பதில், பெரிய நம்பியைப் போய்ப் பார்.

கதை கட்டியவர்கள் சாமானியப்பட்டவர்கள் இல்லை. கேள்வியை மூடி வைத்ததால், நம்பி தன் சொந்தச் சரக்கைப் பெருமாள் பேரில் அனுப்ப வழியில்லை. இன்று மருந்தைச் சோதிக்கும்போது எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாமல் வைக்கிறார்களே, அந்த ஜாக்கிரதை. கடவுள் பேசுகிறார் என்று ஊரே ஒப்புக்கொண்ட ஒருவரைக்கூட ராமானுஜர் பரீட்சை வைத்துத்தான் ஏற்றார் என்று, பக்தர்களே, பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். என் மனத்தாங்கல் ஒன்றே ஒன்றுதான். கேள்வி என்ன என்பது ராமானுஜருக்கு மட்டுமே தெரியும். பதில் பொருந்தியது என்று சொன்னவரும் அவரே. அதை நமக்குச் சொல்கிறவர்கள் அவர் வழி வந்தவர்கள். பெயினுடைய மூன்றாமவர் வரிசையில்தான் நாம் மறுபடியும் நிற்கிறோம். தரிசனத்துக்கு வந்த ஒரு பெரியவரிடம் இதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அவர் பரீட்சை வச்சது அவருக்காக சார். உங்களுக்கு வேணும்னா நீங்க வைங்கோ" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். பெயினே வந்திருந்தாலும் இதற்கு மேல் அவரிடம் பேசியிருக்க முடியாது.

நசரத்பேட்டை நெடுஞ்சாலையில் ஒரு நிறுத்தம். அந்தப் பெயரைக் கேட்டதும், நாசரேத்திலிருந்து உருப்படியாக ஏதாவது வருமா என்று யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் ஏளனமாகக் கேட்ட நாத்தான்வேல் ஞாபகம் வந்தார். அவருக்குக் கிடைத்த பதில், வந்து பார் என்பது. பேருந்து நிற்கிற மாதிரி நின்று கிளம்பிவிட்டது.

திருமழிசையில் ஜெகந்நாதப் பெருமாள் கோயில். திருமழிசையாழ்வாரின் ஊர். ஆழ்வார்களில் எனக்கு இவர் மேல் தனிப் பிரியம் உண்டு. சமணம், பௌத்தம், சைவம் என்று ஒவ்வொன்றாகப் புகுந்து பார்த்துவிட்டுக் கடைசியில் வைணவத்துக்கு வந்தார் என்று வரலாறு. பேயாழ்வாரோடு வாதம் செய்து, தோற்ற பிறகுதான் வந்தார். நேராக வந்து விழுந்தவர் இல்லை. காஞ்சிபுரத்தில் இவருடைய சீடர் கணிகண்ணனை மன்னன் நாடு கடத்த, இவரும் கிளம்ப, பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பச் சொன்னார், பெருமாளும் போனார், மன்னன் மன்னிப்புக் கேட்டதும் திரும்பி வந்து படுத்தார் என்பது ஊரறிந்த கதை. திருவெஃகாவில் சொன்னவண்ணம் செய்த பெருமாள் மற்ற கோயில்களில் இருப்பதற்கு எதிர்ப்பக்கமாகப் படுத்திருப்பார். போய்த் திரும்பியதற்கு அதுதான் அடையாளம் என்று காட்டுகிறார்கள். கதையால் சிலை திரும்பியதா, திரும்பிய சிலைக்காகக் கதை பிறந்ததா? பரங்கிமலைச் சிலுவை முன்பும் இதே கேள்விதான் எனக்கு வந்தது. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது, அதன் மேல் பார்க்க முடியாத ஒரு சம்பவத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

திருமழிசையிலிருந்து குத்தம்பாக்கம் போக ஷேர் ஆட்டோ. பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, மடியில் ஜிப் போட்ட கறுப்புறையில் பைபிள், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அம்பத்தூரிலிருந்து வருகிறார். வீட்டுக்காரர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். குத்தம்பாக்கத்தில் வாங்கிப் போட்ட மனையைப் பார்க்கப் போகிறார். பக்கத்து மனைக்காரர் வேலிக்கல்லை நகர்த்திவிட்டதாகத் தகவல்.

"இந்த எடம் நானா வாங்கல தம்பி. கர்த்தர் சொல்லி வாங்கினது."

எப்படிச் சொன்னார் என்று கேட்டேன். உபவாச ஜெபத்தில் பாஸ்டர் ஐயா இவர் தலையில் கை வைத்து, மேற்கே உனக்கு ஒரு சுதந்தரம் இருக்கிறது மகளே என்று தீர்க்கதரிசனம் சொன்னாராம். அடுத்த வாரமே இந்த மனை பற்றித் தகவல் வந்ததாம். அப்போது இங்கே பொட்டல். அப்புறம் சி.எம்.டி.ஏ. பேருந்து முனையம் கட்ட ஆரம்பித்தது. "இப்ப என்ன ரேட்டு தெரியுமா?" என்றவர் தொகையைச் சொல்லவில்லை. சபையில் இதைச் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார், ஒருமுறை அல்ல.

அம்பத்தூருக்கு மேற்கே என்றால் ஆவடி இருக்கிறது, திருநின்றவூர் இருக்கிறது, திருவள்ளூர் இருக்கிறது. அதே வார்த்தையைக் கேட்டுவிட்டு வேறு எங்கோ வாங்கி, ஏரிப் புறம்போக்கில் மாட்டிக்கொண்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை எழுந்து சாட்சி சொல்வதில்லை. மீலோஸ் தீவின் தியாகொரஸ் என்ற கிரேக்க நாத்திகரைப் பற்றி சிசெரோ எழுதியிருக்கிறார். புயலில் நேர்ந்துகொண்டு தப்பியவர்கள் காணிக்கையாக மாட்டிய படங்களை நண்பர் ஒருவர் காட்டினாராம். நேர்ந்துகொண்டும் மூழ்கினவர்கள் படம் எங்கே என்றாராம் தியாகொரஸ். இரண்டாயிரம் ஆண்டு பழைய இந்தக் கேள்வியை அந்த அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஆட்டோ முனையத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. பிரம்மாண்டமான கூரை. அதைக் காட்டி, "பாத்தீங்களா" என்றார். அந்தக் கூரைக்கு முன்னால் தியாகொரஸ் எடுபட மாட்டார்.

குத்தம்பாக்கம் வெறும் ரியல் எஸ்டேட் ஊர் அல்ல. 1996-ல் இங்கே ஊராட்சித் தலைவரான ரா. இளங்கோ ரசாயனப் பொறியாளர், வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கு வந்தவர். இரட்டை வீடுகளாகக் கட்டி, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம் என்று குடிவைத்த சமத்துவபுரம் இங்கே இருக்கிறது. சாதி கடவுளே பிரித்து வைத்தது என்று வேதத்தைக் காட்டிச் சொன்ன நாட்டில், ஒரு பொதுச்சுவர் நல்ல விமர்சனம்.

இந்தப் பகுதி முன்பு செங்கல்பட்டு ஜில்லா. அந்த ஜில்லாவைப் பற்றித்தான் அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் 1872-ல் ஒரு புத்தகம் போட்டார், பாயக்காரிகள் எனப்பட்ட குத்தகை உழவர்களுக்கும் மிராசுதார்களுக்கும் இடையே நடந்த விவாதம் பற்றி. நிலம் எங்களுக்குப் பரம்பரை பரம்பரையாகச் சொந்தம் என்கிற மிராசுதாரிடம், எந்த ஆதாரத்தில் சொந்தம் என்று கேட்பது அதன் சாரம். பத்து ஆண்டு கழித்து 1882-ல் அதே மனிதர் எழுதியது 'இந்துமத ஆசார ஆபாச தரிசினி'. இந்த முறை கேள்வி புராணங்களையும் ஆசாரங்களையும் நோக்கி. நில உரிமைக்கு ஆதாரம் கேட்டவர் வேதத்துக்கும் ஆதாரம் கேட்டார் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அதே ஆண்டுகளில் சென்னை இலௌகிக சங்கத்தார் தமிழில் 'தத்துவ விவேசினி'யும் ஆங்கிலத்தில் 'தி திங்கர்' இதழும் நடத்தினார்கள், 1882 முதல் 1888 வரை. லண்டனில் சார்லஸ் பிராட்லா பைபிளுக்கு எதிராகச் சொன்னதெல்லாம் சென்னைக்குக் கப்பலில் வந்து சேர்ந்தது. பெரியாருக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. பிற்பாடு, பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927-ல் பேசிய 'நான் ஏன் கிறிஸ்தவனல்ல?' உரையைக் குத்தூசி குருசாமி தமிழாக்கினார்.

இவர்களுக்கும் முன்னால் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்குப் பைபிளைத் தமிழாக்க உதவியவர். அந்தக் காலத்துத் தமிழர்களில் அதை அவ்வளவு கூர்ந்து படித்தவர் குறைவு. 1854-ல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதினார். பைபிள் பொய் என்று அவர் வாதாடவில்லை. பலி, தூபம், தீபம், ஆலயம், சுத்தம் எல்லாம் உங்கள் பழைய ஏற்பாட்டிலேயே கடவுள் கட்டளையாக இருக்கும்போது, அதையே நாங்கள் செய்தால் எப்படிப் பிசாசு வேலையாகும் என்று கேட்டார். எதிராளியின் பத்திரத்தை வாங்கிப் படித்துவிட்டு அதைக்கொண்டே வழக்காடுகிற முறை. நியாயமான பதில் இன்றுவரை வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மனையில் அந்த அம்மாவோடு நானும் இறங்கினேன். வேலிக்கல் ஒரு சாண் நகர்ந்திருந்தது நிஜம்தான். கல் முன்பு நின்ற இடத்தில் புல் முளைக்காத வட்டம் அப்படியே தெரிந்தது. ஃபைலைத் திறந்தார். பட்டா, வரைபடம், தாய்ப்பத்திரத்தின் நகல், முப்பது வருஷத்துக்குப் போட்ட வில்லங்கச் சான்று, அதாவது இ.சி. எல்லாவற்றிலும் சின்னச் சின்ன டிக் அடையாளம்.

"கர்த்தர்தான் சொல்லிட்டாரே, அப்புறம் எதுக்கும்மா இ.சி.?"

"நல்லாருக்கே! கர்த்தர் சொன்னாருன்னு பாஸ்டர் ஐயா சொன்னாரு. விக்கிறவன் கர்த்தரா?" என்றார். பிறகு தானாகவே ஒன்று சொன்னார். மகளுக்கு அந்த வருஷம் கல்யாணம் நடக்கும் என்றும் அதே வாயால் வார்த்தை வந்ததாம். நடக்கவில்லை. மூன்று வருஷம் கழித்துத்தான் நடந்தது. "அது ஐயாவோட ஆசை. கர்த்தரோட வார்த்தை இல்ல."

எது ஆசை, எது வார்த்தை என்று முன்கூட்டியே எப்படித் தெரியும் என்றேன். "தெரிஞ்சா நான் எதுக்கு இ.சி. போடறேன்?"

உபாகமம் 18-ஆம் அதிகாரத்தில் மோசே சொல்லும் விதியும் ஏறக்குறைய இதுதான். சொன்னது நடக்கவில்லையென்றால் அது கர்த்தர் சொன்னதில்லை. முன்கூட்டித் தெரிந்துகொள்ள அதில் வழி இல்லை, காத்திருக்க வேண்டும். அந்த அம்மாவிடம் நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரத்துக் கிதியோனைப் பற்றிப் பேசினேன். மீட்கப் போகிறவன் நீ என்று கடவுள் சொன்ன பிறகும், களத்தில் போட்ட ஆட்டுத்தோல் மட்டும் பனியில் நனைய வேண்டும், சுற்றி நிலம் காய்ந்திருக்க வேண்டும் என்று கேட்டவன். அப்படியே நடந்தது. கம்பளிமயிர் பனியை இழுக்கத்தானே செய்யும் என்று தோன்றியதோ என்னவோ, மறுநாள் தலைகீழாகக் கேட்டான், தோல் காய்ந்திருக்கட்டும், நிலம் நனையட்டும் என்று. "ரெண்டாந்தரம் மாத்திக் கேட்டான் பாருங்க, அவன் வெவசாயி" என்றார் அந்த அம்மா.

இவ்வளவு ஆன பிறகு மாற்கு 16:18 பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மிகப் பழைய இரண்டு பிரதியிலும் அந்த இடம் இல்லை என்றேன். முகம் மாறவில்லை. "நீங்க பாத்தீங்களா அந்தப் பிரதிய?"

பார்த்ததில்லை, படித்திருக்கிறேன்.

"அப்ப உங்களுக்கும் யாரோ சொன்னதுதான்."

சரியான அடி. ஒரு வித்தியாசம் இருந்தது, வத்திக்கான் நூலகம் அந்த ஏட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறது. வேலிக்கல் மேல் உட்கார்ந்து போனில் தேடி எடுத்தேன். மூன்று பத்தியாக எழுதிய பக்கம். நடுப்பத்தியில் மாற்கு முடிகிறது. மூன்றாவது பத்தி முழுக்கக் காலி. அடுத்த பக்கத்தில் லூக்கா தொடங்குகிறது. அந்த அம்மா போனை வாங்கி, இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். கிரேக்கம் எனக்கே எழுத்துக்கூட்டத்தான் வரும். அவருக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. அவர் எழுத்தைப் பார்க்கவே இல்லை.

"இந்தக் காலி இடம் எதுக்கு விட்டிருக்கான்?"

ஆய்வாளர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக அடித்துக்கொள்வதே இதற்காகத்தான் என்றேன். பிரதி எழுதினவனுக்கு அந்தப் பன்னிரண்டு வசனம் இருப்பது தெரியும், ஆனால் முன்னால் இருந்த மூலத்தில் இல்லை, எதற்கும் இருக்கட்டும் என்று இடம் விட்டான் என்பது ஒரு கட்சி. ஏட்டில் வேறு சில இடங்களிலும் காலிப் பத்தி இருக்கிறது, இதில் ஒன்றுமில்லை என்பது இன்னொரு கட்சி.

"பத்திரத்துல இப்படி எடம் விட்டா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல குறுக்க கோடு போடச் சொல்லுவாங்க. இல்லன்னா பின்னால எவனாச்சும் எழுதிடுவான்." கொஞ்சம் யோசித்தார். "இல்ல, எழுத வேண்டியத எழுதாமலும் விட்டிருப்பான். ரெண்டும் நடக்கும்."

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். பாஸ்டர் ஐயா பைபிள் காலேஜ் படித்தவர், அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தால் ஏன் சொல்லவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கேட்கப் போகிறாராம். பிறகு பக்கத்து மனைக்காரருக்குப் போன் போட்டு, சர்வேயரை வரச்சொல்லி அளந்துவிடலாம், ஃபீஸ் ஆளுக்குப் பாதி என்று சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.